161 முதல் 176 வரை

மயிலாப்பூர்,
11-2-1934

அன்புள்ள மச்சான் ஷரஃபுதீனுக்குக் கலீமுல்லாவின் ஸலாம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. மற்றபடி இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அஃப்சர் எப்படி இருக்கிறாள்? என் தங்கை இந்த வாசலை மிதித்து நாலு வருஷம் ஆகிறது. ‘ஒரு பத்து நாள் அனுப்பு’ என்று நான் எழுதினால் நீ உன் அம்மாவின் உடம்பைக் காரணம் சொல்வாய். அதனால் எழுதவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வேலை நிறைய. தியாகராய நகர் வக்கீல் சந்திரமௌலி, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனின் புத்தகங்களை அடையாற்றில் ஏலம் எடுத்திருக்கிறார். அதில் இரண்டைப் புது அட்டை போடக் கொடுத்திருக்கிறார். ஒன்று சமூகக் கடமை பற்றிய ஆங்கிலத் தத்துவம். மற்றதன் தலைப்பையும் முதல் நாற்பது பக்கத்தையும் கரையான் தின்றுவிட்டது. என்ன புத்தகமோ, இன்னும் பார்க்கவில்லை. இரண்டையும் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, பதினாறு பக்க மடிப்புகளாக, ஃபாரம் ஃபாரமாகக் காயப்போட்டிருக்கிறேன். பகல் சாப்பாட்டு வேளையில் தத்துவத்தைப் படிக்கிறேன். அட்டை போட்டுவிட்டால் புத்தகம் பங்களாவுக்குப் போய்விடும். பிரிந்து கிடக்கும்வரைதான் அது என்னுடையது.

நேற்று வக்கீல் வந்தார். மோட்டாரிலிருந்து இறங்கவில்லை.

“என்ன பாய், தைக்கக் குடுத்தா படிச்சுண்டு உட்கார்ந்திருக்கே?”

“பக்கம் ஒயுங்கா கீதான்னு பாக்கறேன் சாமி.”

“பாரு, பாரு. நம்பர் தெரியுமோன்னோ? அது போறும்.”

பசுத்தோல் கூடாதாம், ஆட்டுத்தோல்தான் வேண்டுமாம். விளிம்பு மூன்றிலும் தங்க ரேக்கு. உங்கள் வாணியம்பாடியில் நல்ல ஆட்டுத்தோல் கிடைக்குமே, இரண்டு பார்த்து அனுப்பு.

இந்தத் தத்துவக்காரரின் வாதம் பசை காயாத அட்டை மாதிரி இருக்கிறது. தூக்கினால் வளைகிறது. ஆனாலும் விட முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, என் படிப்பு:

கையில்: மேற்படி தத்துவம், ஆறாவது ஃபாரம்.
அடுத்து: கரையான் மிச்சம் வைத்தது.

கலீமுல்லா


வாணியம்பாடி,
26-2-1934

அன்பு மச்சான் கலீமுல்லாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. உன் தங்கை நலம். மாமிக்கு மூட்டுவலி குறைய துஆ செய்கிறோம். தோலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊரில் தோல் உண்டு, புத்தகம் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருப்பவை நாலு இலக்கணம், ஒரு பழைய அகராதி. பி.ஏ. படித்த எனக்கு உன் கடிதங்கள்தாம் இப்போது நூலகம் என்றால் நீ சிரிப்பாய். பசை காயாத அட்டை என்று சொன்னாயே, அற்புதம்! அந்தத் தத்துவத்தைப் பற்றி விரிவாக எழுது. முக்கியமான இடங்களை அப்படியே தமிழில் எழுதி அனுப்பு. உன் கருத்தையும் சேர்த்து எழுது. நீளமாக இருந்தால் பரவாயில்லை.

கையில்: ஒன்றுமில்லை.
அடுத்து: நீ எழுதப்போவது.

ஷரஃபுதீன்


மயிலாப்பூர்,
18-3-1934

மச்சான் ஷரஃபுதீனுக்கு ஸலாம். அம்மா சுமார். அஃப்சரின் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் வலி பாதி குறையும்.

அந்த மனுஷரை நான் குறைத்துப் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பத்து ஃபாரம் வரைக்கும் வழவழா. 160-ஆம் பக்கம் ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், கப்பலைப் பற்றிப் பேசுகிறார்! அப்படியே எழுதுகிறேன்:

‘காலியான கப்பலுக்குக் கல் வேண்டும். கல் ஏற்றாத கப்பல் முதல் காற்றிலேயே கவிழும். ஆனால் பாரம் முழுவதையும் அடித்தட்டில் வைப்பது அறியாதவன் வேலை. அப்படி ஏற்றிய கப்பல் கவிழாது. ஆனால் ஒவ்வொரு அலைக்கும் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் பாய்மரம் முறியும்.’

பதினாறு பக்கமும் இதேதான். மனிதன் என்ற சொல்லே வரவில்லை. நமக்குப் புரியும் என்று விட்டுவிட்டார். மேல்தட்டில் இருக்கிறவன் என்ன நினைக்கிறான்? பாரமெல்லாம் கீழே கிடந்தால்தான் தனக்குப் பத்திரம் என்று. கவிழவில்லை, உண்மைதான். ஆனால் கீழே இருக்கிற கனம் ஒருநாள் வெடுக்கென்று இழுக்கும்போது முதலில் முறிவது மேலே நிற்கிற மரம்.

அதைப் படித்துவிட்டுத் தியாகராய நகர் போனேன். தெருவுக்கு நாலு பங்களா எழும்புகிறது. சாரத்தில் பெண்கள் தலையில் செங்கல் அடுக்கி ஏறுகிறார்கள். நான் நின்று பார்த்ததை ஒருத்தி கண்டுகொண்டாள்.

“இன்னா பாய் பாக்குற? வந்து ஒரு நடை தூக்குறியா?”

“பாரம் ஜாஸ்தியா கீதேன்னு பாத்தேன்.”

“பாத்தா கொறையுமா? நவுரு.”

அவள் அந்தப் பதினாறு பக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

கையில்: இதையே இரண்டாம் தடவை.
அடுத்து: மீதி ஃபாரங்கள்.

கலீமுல்லா


வாணியம்பாடி,
24-3-1934

மச்சானுக்கு ஸலாம். அனைவரும் நலம்.

கப்பல் பகுதி பிரமாதம். அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை? நூலின் முழுப்பெயர், அச்சான ஆண்டு இவற்றையும் தெளிவாக எழுது. உடனே எழுது.

ஷரஃபுதீன்


மயிலாப்பூர்,
29-4-1934

மச்சான் ஷரஃபுதீனுக்கு ஸலாம். அம்மா படுக்கையை விட்டு எழுந்தாள். அஃப்சருக்குச் சொல்லு.

நீ கேட்ட விவரங்களைக் கார்டில் எழுதினேன், கிடைத்திருக்கும். 161 முதல் 176 வரை என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போடு.

நேற்றுத்தான் கரையான் தின்ற புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அது கப்பலில் சரக்கு அடுக்கும் கைப்புத்தகம். அதன் நடுவில் திடீரென்று குடிமகனின் கடமை வருகிறது. உடனே ஃபாரக் குறிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் சிறிதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பதினாறு பக்கத்துக்கு ஓர் எழுத்து; முகவுரைக்கு ‘ஏ’, ‘ஜே’ கிடையாது. அந்த வரிசைப்படிதான் அடுக்க வேண்டும். இரண்டு புத்தகமும் ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே மாதிரி எழுத்து. இரண்டிலும் ‘எம்’ ஃபாரம் 161-இல் தொடங்கி 176-இல் முடிகிறது. காயப்போட்டு எடுத்தபோது இதை அதிலும் அதை இதிலும் வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத் தொழிலில் இது முதல் தடவை. வெட்கமாக இருக்கிறது.

இன்னும் கேள். தத்துவத்தின் உண்மையான ‘எம்’ ஃபாரத்தைப் படித்தேன். நேர் எதிர்! பாரம் தாங்க ஒரு வர்க்கம் வேண்டும், அது வாய் பேசாமல் தாங்குவதே அதன் அறம் என்று பதினாறு பக்கம் உபதேசிக்கிறார். ஆக, நான் சிலாகித்த ஞானம் அவருடையதும் அல்ல, சரக்கு அடுக்குகிற மாலுமியுடையதும் அல்ல. யாருடையது என்று யோசித்தேன். கூச்சத்தோடு சொல்கிறேன், என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

தோல் இன்னும் வரவில்லை. அதனால் இரண்டும் தைக்காமல் கிடக்கின்றன.

கையில்: சரக்குக் கைப்புத்தகம்.
அடுத்து: வருகிறது வரட்டும்.

கலீமுல்லா


மயிலாப்பூர்,
8-7-1934

மச்சானுக்கு ஸலாம். பத்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? என் திருத்தம் கிடைத்ததா? தோல் என்ன ஆயிற்று? வக்கீலின் குமாஸ்தா வாரம் ஒருமுறை வந்து நிற்கிறான்.

கலீமுல்லா


வாணியம்பாடி,
30-7-1934

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

பரீட்சை விடைத்தாள்களில் மூழ்கிவிட்டேன். அனைவரும் நலம். இங்கே நல்ல மழை. இந்த வருஷம் மாங்காய் மலிவு. மாமியின் உடம்பு பற்றி எழுது. தோல் விரைவில் வரும்.

கையில்: பள்ளிக்கூட வேலை.
அடுத்து: தெரியாது. நீ என்ன படிக்கிறாய்? விரிவாக எழுது.

ஷரஃபுதீன்


மயிலாப்பூர்,
3-9-1934

ஷரஃபுதீனுக்கு.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். உன்னையே நேற்று மாலை நேரில் பார்த்தேன். நன்றாக இருக்கிறாய். சற்றுப் பருத்திருக்கிறாய்.

போன வாரம் தியாகராய நகர் வாசகர் சங்கத்திலிருந்து அவர்களுடைய மாதப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய இதழ்களை ஒரே தொகுதியாகத் தைக்க வேண்டும் என்றார்கள். வழக்கம்போல் பக்கம் சரிபார்த்தேன். ‘பசை காயாத அட்டையை ஒத்த வாதம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டது. கட்டுரைக்கு மேலே ‘ஷ. ஷரஃபுதீன், பி.ஏ.’ என்று இருந்தது. மச்சான், உனக்கும் பசைக்கும் என்ன சம்பந்தம்? வாழ்நாளில் ஒரு நோட்டுக்கு அட்டை போட்டிருக்கிறாயா?

மூன்று கட்டுரைகள். மூன்றும் என் கடிதங்கள். செங்கல் சுமந்த பெண்ணையும் விடவில்லை. ‘ஏழை மாது ஒருத்தி என்னை நோக்கி மொழிந்தாள்’ என்று எழுதியிருக்கிறாய். உன்னை நோக்கி அவள் மொழிந்தாளா? வாணியம்பாடியிலிருந்தா?

தொகுதியை நேற்று மாலை சங்கத்தில் கொடுக்கப் போனேன். கூடத்தில் கூட்டம். மேடையில் நீ. பட்டணம் வந்திருக்கிறாய், மயிலாப்பூர் அங்கிருந்து எவ்வளவு தூரம்? புத்தகக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று கேட்டேன். என் திருத்தம் உன் கைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நீ கப்பலை விடவில்லை. 161 முதல் 176 வரை என்று பக்கமும் சொன்னாய். பாய்மரம் முறியும் என்று நீ கையைத் தூக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் சாரம் கட்டி வேலை நடக்கிறது.

பிறகு சந்திரமௌலி எழுந்தார். “அந்தக் கப்பல் அத்தியாயம் எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. நான் இங்கிலீஷ்லயே வாசிச்சிருக்கேன். என் பிரதி பைண்டர்கிட்ட இருக்கு, வரட்டும், எடுத்துக் காட்டறேன்” என்றார். பக்கத்திலிருந்த ஒருவர், மூலத்தின் நயம் மொழிபெயர்ப்பில் சற்றுக் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

இல்லாத அத்தியாயம், மச்சான்! என் கைப்பிசகில் பிறந்த அத்தியாயம்.

கூட்டம் கலைந்தபோது உன் கண் என்மேல் பட்டது. உடனே சந்திரமௌலியிடம் ஏதோ கேட்கத் திரும்பிக்கொண்டாய்.

அந்தப் புத்தகம் என் மேஜைமேல் தைக்காமல் இருக்கிறது. சரியான ‘எம்’ ஃபாரம் சரியான இடத்தில் இருக்கிறது. அப்படியேதான் தைப்பேன்.

கலீமுல்லா


வாணியம்பாடி,
12-9-1934

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

ஆட்டுத்தோல் இரண்டு, ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் தரம். மாமிக்கு என் ஸலாம்.

உன் தொழில் நிதானத்தில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

ஷரஃபுதீன்


வாணியம்பாடி,
15-9-1934

அன்புள்ள பாய்ஜானுக்கு அஃப்சருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மாவின் மூட்டுக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தடவச் சொல்லுங்கள். நான் நலமாக இருக்கிறேன்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். எல்லாக் கடிதங்களையும் படித்திருக்கிறேன். கட்டுரைகளை நல்ல எழுத்தில் நகல் எடுப்பவள் நான்தான். முதல் கட்டுரையின் முதல் வரியிலேயே உங்கள் குரல் கேட்டது. அது திருட்டு என்று தெரிந்துதான் மை தொட்டேன்.

சந்திரமௌலி வக்கீல் ஒரு கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறாராம். ஜனவரியில் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாகிறது. சொற்பொழிவைக் கேட்டபிறகு இவருக்கே என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாதம் குழு கூடும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறாராம். உங்கள் திருத்தம் வந்தபோது கட்டுரை அச்சுக்குப் போய் ஒரு வாரம். இவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். இப்போதும் உங்களிடம் கேட்க மாட்டார். கேட்டால் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே.

அதனால் நான் கேட்கிறேன். கப்பல் ஃபாரத்தைத் தத்துவத்தில் வைத்துத் தைத்துவிடுங்கள். இந்த வேலை கிடைத்தால் நாங்கள் பட்டணம் வருவோம். இந்த வீட்டில் என் மாமியார் கதவைத் திறந்துவிட்டால்தான் கிணற்றடிக்கே போக முடியும். நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளைகளை இங்கே அடக்கம் செய்தேன். இரண்டு தடவையும் அம்மா பக்கத்தில் இல்லை. இப்போது மறுபடி ஐந்தாம் மாதம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் இத்தனை வருஷமாகக் கையில் இது, அடுத்து அது என்று எழுதிக்கொள்கிறீர்கள். எல்லாவற்றையும் நானும்தான் படித்தேன். ‘அஃப்சர், நீ என்ன படிக்கிறாய்?’ என்று ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் திருடினார். நீங்கள் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
அஃப்சருன்னிசா


மயிலாப்பூர்,
1-10-1934

அஃப்சருக்கு பாய்ஜானின் துஆ.

புத்தகங்கள் இரண்டும் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டன. தத்துவத்தில் 161 முதல் 176 வரை உன் புருஷன் மேடையில் சொன்னபடியே இருக்கிறது; அதன் சொந்த ஃபாரம் கப்பல் கைப்புத்தகத்தில். நூலை இரட்டையாகப் போட்டிருக்கிறேன், உதிராது. முதல் தடவை கை தவறி வைத்தேன். இப்போது கண் விழித்துக்கொண்டே வைத்தேன்.

அம்மாவிடம் நீ வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். தொட்டில் கட்டக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள்.

நீ என்ன படிக்கிறாய்?

கலீமுல்லா


மயிலாப்பூர்,
20-11-1935

ஷரஃபுதீனுக்கு ஸலாம்.

அடையாற்றில் நலமாக இருப்பாய். நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது. ஆனால் நீ பத்து மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை என்பதால் எழுத வேண்டியிருக்கிறது. உன் பெண்ணுக்குப் பல் முளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அஃப்சர் கொண்டுவருவதால் எனக்குத் தெரியும்.

போன வாரம் சந்திரமௌலி வந்தார். இந்தத் தடவை மோட்டாரிலிருந்து இறங்கினார்.

“புரொபசர் உன் மச்சினராமே! சொல்லவே இல்லையே, பாய்.”

“சொல்றதுக்கு இன்னா கீது சாமி.”

“அந்தக் கப்பல் அத்தியாயத்தை எத்தனை தடவை படிச்சாலும் அலுக்கறதே இல்லை. அன்னிக்குக் கமிட்டில எல்லார் கைலயும் குடுத்தேன். அசந்துபோயிட்டா.”

தத்துவத்தையும் கப்பல் கைப்புத்தகத்தையும் மேஜைமேல் வைத்தார். இரண்டையும் சங்கத்துக்குத் தானமாகக் கொடுக்கப் போகிறார். முதுகில் தன் பெயரைப் பொறிக்க வேண்டுமாம்.

அவர் போனபிறகு தத்துவத்தைக் கையில் எடுத்தேன். உனக்கு என் தொழில் தெரியாது, அதனால் சொல்கிறேன். விளிம்பில் தங்க ரேக்கு பூசினால் தாள்கள் ஒன்றோடொன்று மெல்ல ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை புரட்டும்போது சரசரவென்று பிரியும். ஒருமுறை பிரிந்தது திரும்ப ஒட்டாது. மச்சான், அந்தப் புத்தகத்தின் எல்லாத் தாளும் நான் பூசிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒட்டிக் கிடந்தது. கமிட்டியில் ஏழு பேர் கையில் போனது. அத்தனை பேரும் அட்டையை மட்டும் தடவிப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டுத்தோல் முதல் தரம், நீ அனுப்பியதுதானே.

இவர்களுக்குப் பயந்து நீ பொய் சொன்னாய். இவர்களுக்காக நான் ஒரு புத்தகத்தைக் கெடுத்தேன். என் தங்கை தன் அண்ணனிடம் பிச்சை கேட்டாள்.

இரண்டின் தையலையும் பிரித்தேன். கப்பலைக் கப்பலில் வைத்தேன். வாய் பேசாமல் பாரம் தாங்கச் சொல்கிற பதினாறு பக்கத்தைத் தத்துவத்தில், அதன் இடத்தில், வைத்துத் தைத்தேன். மறுபடி தங்கம் பூசி, அவர் கேட்டபடி பெயரும் பொறித்து நேற்று அனுப்பிவிட்டேன். இனி யாராவது 161-ஆம் பக்கத்தைத் திறந்தால் உன் சொற்பொழிவு பொய், உன் வேலையும் பொய். நீ பயப்படாதே. யாரும் திறக்க மாட்டார்கள்.

கையில் ஒன்று இருக்கிறது. அடுத்து ஒன்று இருக்கிறது. எவை என்று அஃப்சருக்குத் தெரியும். அவளிடமும் இரண்டு இருக்கின்றன. உனக்கு எழுத மாட்டோம்.

கலீமுல்லா